பூட்டிய வீட்டில் ஒரு நாவல்

முதுகலைத் தமிழ் படிக்கும் நான், சென்ற பருவத்தில், படிக்காத ஒரு நாவலைப் பற்றி வகுப்பில் இருபது நிமிடம் பேசினேன். மூன்று காணொளிகளையும் யாரோ எழுதிய கதைச்சுருக்கத்தையும் கொண்டு கட்டிய பேச்சு. பேராசிரியர் பாராட்டினார். அதன் பிறகு எந்தப் புத்தகத்தையும் என்னால் பத்துப் பக்கங்களுக்கு மேல் தொடர முடியவில்லை. ஆவணியில் மறுபடி என் முறை வந்தது. இந்த நாவல் அறுநூற்றுச் சொச்சம் பக்கங்கள். திங்கட்கிழமை பேச வேண்டும். இம்முறை கடைசி வரிவரை படித்துவிட்டே பேசுவது என்று முடிவு செய்து, வியாழன் முதல் கல்லூரிக்கு விடுப்பும் எடுத்தேன். இதுவும் முடியாவிட்டால் இந்தப் படிப்பில் எனக்கு என்ன வேலை?

ஆனால் ஆவணி முகூர்த்த மாதம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைச் செல்பேசியில் அனுப்பினால் அது அழைப்பாகாது. தம்பதியாக வந்து, தட்டில் வைத்து, கையில் கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பாவின் பட்டறையை அம்மாவும் சேர்ந்து பார்ப்பதால், பகலில் அந்த ஆள் நான்.

"சும்மா புக்குதானே கண்ணு படிக்கறே? வந்தவங்களுக்கு ஒரு காப்பி வெச்சுக் குடுத்துப்போட்டு மறுக்கா படிச்சுக்க" என்றார் அம்மா.

இரண்டு நாளில் ஏழு தம்பதிகள் வந்தார்கள்.

"தமிழா? அதுதான் நமக்குத் தெரியுமே அம்மணி, அதுக்கு எதுக்குக் காலேஜு?" என்றார் ஒரு மாமா.

"உங்களுக்கு வையறதுக்கு மட்டுந்தானுங்க தமிழ் தெரியும்" என்றார் அவர் மனைவி.

நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு விட்ட வரி அகப்படவில்லை. செல்பேசியை எடுத்தேன், அரைமணி நேரம் போயிற்று. அதற்கு எந்த விருந்தாளியும் காரணமில்லை.

சனிக்கிழமை காலை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தேன். செல்பேசியை அணைத்து பீரோவுக்குள் வைத்தேன். முன்பக்கக் கம்பிக்கதவை வெளியே பூட்டிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்கதவால் உள்ளே வந்தேன். பூட்டைக் கண்டால் திரும்பிவிடுவார்கள். இன்னொரு நாள் வருவார்கள் என்று எண்ணினேன். இரண்டு மணி நேரம் உண்மையிலேயே படித்தேன்.

பிறகு வாசலில் கார் நின்றது.

"ஏனுங்க, ஊடு பூட்டிக் கெடக்குதுங்க."

வெள்ளகோவில் அத்தை, அப்பாவின் பெரியப்பா மகள். ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்.

"போனு பண்ணிப் பாரு" என்றார் மாமா.

"பண்ணாமயா வந்தேன்? புள்ளைக்குச் சுவிச்சாப்புன்னு வருது. அவ அம்மாளுக்குப் பட்டறைச் சத்தத்துல எங்க கேக்கும்? ஏனுங்க, உள்ள ஃபேன் ஓடறாப்பல இருக்குது."

"ஓடுனா ஓடட்டும். நீ வா, இன்னும் ஒம்பது ஊடு கெடக்குது."

எழுந்திருக்கலாம். எழுந்தால் பூட்டுக்கு என்ன விளக்கம் சொல்வது? குனிந்தபடியே இருந்தேன். கம்பியில் ஏதோ உரசியது, கார் போயிற்று. அதற்குள் நான்கு பக்கங்கள் புரட்டியிருந்தேன். ஒரு சொல்லும் மனத்தில் ஏறவில்லை.

மாலையில் அம்மா, கம்பியில் செருகியிருந்த பத்திரிகையோடு உள்ளே வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"படிக்கறதுக்கா ஊட்டைப் பூட்டுனே?"

திட்டவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதவில் செருகிய பத்திரிகையை நம்பிக் கல்யாணத்துக்குப் போக முடியாது. நெருங்கிய சொந்தம், போகாமலும் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாங்களே வெள்ளகோவிலுக்குப் போய் அதைக் கையில் வாங்கினோம். காரில் புத்தகத்தைத் திறந்தேன். பல்லடம் வருவதற்குள் தலை சுற்றி மூடிவிட்டேன்.

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உள்ளதான் இருந்தயா அம்மணி?"

"ஆமாங்க அத்தை."

"ஒரு சத்தம் குடுத்திருந்தா, பத்திரிகையக் குடுத்துப்போட்டு ஓடியிருப்பமே." பிறகு என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, "அத்தனை நல்ல கதையா அது?" என்றார்.

"தெரியலீங்க அத்தை. இன்னும் முடிக்கல."

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து, முந்நூற்று நாற்பதாம் பக்கம் வரையே படித்திருக்கிறேன், அதுவரை மட்டுமே பேசுவேன் என்றேன். பதினொரு நிமிடம் பேசினேன். பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறித்துவிட்டு, மீதியை எப்போது முடிப்பாய் என்று கேட்டார். ஒரு தேதி சொல்ல வாயெடுத்தேன். தெரியவில்லை ஐயா என்று சொல்லி உட்கார்ந்தேன்.