நடுவில் நிற்க ஓர் இடம்

என் தம்பி பதினோரு வருடம் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினான். தடுப்பாட்டக்காரன். வலது ஓரம், இடது ஓரம், நடு என்று எங்கே ஓட்டை விழுந்தாலும் அவனை வைத்துத்தான் அடைப்பார்கள். உடை மாற்றும் அறையில் அவனுக்குப் பெயரே ‘ஸ்டெப்னி’. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இப்படி ஒரு வாயில்லாப் பூச்சியை என் தலையில் கட்டிவிட்டு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவனுக்கு ஒரே ஆசை. தடுப்பு வரிசையின் நடுவில் நின்று, குரல் கொடுத்து மற்றவர்களை நடத்த வேண்டும். முப்பது தாண்டிய பிறகு, ஒரு சீசனின் கடைசி ஆட்டத்தில் அது கிடைத்தது. நன்றாக ஆடினால் ஒப்பந்தமும் நீளும், இடமும் உனக்கே என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

முதல் பாதியில் ராஜா மாதிரி நின்றான். அவன் ‘ஏறு’ என்று கத்தியதும் வரிசை மொத்தமும் ஒன்றாக முன்னேறும். எதிரணி ஆள் பின்னால் தனியாக மாட்டுவான், ஆஃப்சைடு என்று கொடி உயரும். கேலரியில் நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

இடைவேளைக்குப் பின் இடது ஓரத்து ஆளுக்குக் காலில் அடி. அந்த இடத்துக்கென்றே பெஞ்சில் ஒருவர் இருந்தார், புது ஆள். பயிற்சியாளருக்கு அவர்மேல் நம்பிக்கையில்லை. நடுவுக்கு வேறொருவரை இறக்கி, இவனைப் பார்த்து ஓரத்துக்குப் போறியா என்று கையைக் காட்டினார். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி. தலையை ஆட்டிவிட்டு ஓடினான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். நடுவில் வந்தவர் ‘ஏறு’ என்று கத்தினார். எல்லோரும் ஏறினார்கள், இவன் அசையவில்லை. அதுவரை கத்தியவன் இவன்தானே, தன் குரலுக்காகவே காத்து நின்றுவிட்டான். ஒருவன் பின்தங்கினாலும் ஆஃப்சைடு கிடையாது. கோல் விழுந்தது. அடுத்த வாரமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் வீட்டு முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான். நேற்று வேறொரு கிளப்பின் மேலாளர் பேசினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று அவர் கேட்டார். நடு என்று சொல்லடா என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

“எங்க வேணும்னாலும் ஆடுவேன் சார்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“இல்லப்பா, நாங்க நடுவுல நிக்க மட்டும்தான் ஆள் தேடுறோம். பாத்துட்டுச் சொல்றேன்.”

போனைக் கீழே வைத்தான்.

“நடுன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்களாக்கா?”

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கை எழவில்லை.