ஸ்டேஷனில் விட்டிருக்க வேண்டிய துப்பாக்கி

எங்கள் கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்குக் காவேரிப்பட்டினத்தில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் என்னை ஏற்றிக்கொண்டு, சூளகிரி வழியாக ஓசூர் போய்ச் சேர ஏழாகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் நான் பேசுவதைக் கேட்பார்கள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் விருதுநகர் பக்கத்துக்காரன். வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளனாக ஓசூர் வந்தவன். ஓசூரில் வாடகை கட்டுப்படியாகாமல் கிருஷ்ணகிரியில் குடியிருந்தேன். வெள்ளிக்கிழமை பூஜையன்று ஷாப் ஃப்ளோரில் எங்கள் சமய நூல்களிலிருந்து ஒரு பகுதியைப் படித்துப் பொருள் சொல்வது என் வழக்கம். ஆபரேட்டர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு பேச்சு உருவாகியிருந்தது. அது எனக்குச் சம்பளத்தைவிடப் பிடித்திருந்தது.

அந்தப் பேச்சை முழுக்க நம்பியவர் ஒருவர் இருந்தார். பிளேட்டிங் லைனில் ஆபரேட்டர். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமம், மூன்று ஏக்கர் மாந்தோப்பு, கொஞ்சம் நிலக்கடலை. என்னைவிடப் பத்து வயது இளையவர். பஸ்ஸில் எப்போதும் எனக்குப் பின் சீட். அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றிக்காக அவர் அப்பா காலத்தில் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல். அப்பா இறந்த பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அதற்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். 'பயிர் பாதுகாப்பின் பொருட்டு' என்று எழுதியதும், அதை உரக்கப் படித்துக் காட்டியதும் நினைவிருக்கிறது.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒரு ரசீது தருவார்கள். ஓட்டு எண்ணி முடித்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு தேர்தல் முடிந்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி, அவருக்குத் தெரியாமல், கிருஷ்ணகிரியில் என் வீட்டுக்கு வந்தார். சந்தைக்கு வந்த சாக்கு. மடியில் அந்த ரசீது இருந்தது.

"அண்ணா, அவரு இத தேடிகினு இருக்காரு. நான்தான் எடுத்து வெச்சிகினு இருக்கேன்."

"ஏம்மா?"

"அது வூட்டுக்கு வர வேணாண்ணா."

அவருக்கும் அவர் தம்பிக்கும் நிலத் தகராறு. நான்கு வழிச் சாலை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் சுற்றுவட்டாரமெல்லாம் மனை போட ஆரம்பித்திருந்தார்கள். தம்பி தன் பாகத்தை விற்க நினைத்தார். பொதுக் கிணறும், பொது வழியும், வரப்போரம் நின்ற இரண்டு மாமரங்களும் யாருக்கு என்று வாரம் தவறாமல் வாய்ச்சண்டை.

"சண்ட வந்தா கண்ணு மொதல்ல செவுத்துல மாட்டியிருக்கறதுமேல போவுது. நான் பாத்திருக்கேன். அது ஸ்டேஷன்ல இருந்த இந்த ரெண்டு மாசந்தாண்ணா நான் தூங்குனேன். நீங்க சொன்னா கேப்பாரு. அங்கயே விட்டுட்டு லைசென்ஸ எழுதிக் குடுத்துருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சும்மா சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னது நியாயம் என்று என் மனத்துக்குப் பட்டது. அவர் ரசீதை மறுபடி மடியில் செருகிக்கொண்டு, "தேடி எடுத்துக்கற மாதிரி எங்கியாவது வெச்சிடறேன். நான் ஒளிச்சேன்னு தெரிஞ்சா வம்பு. நீங்க சொன்னீங்கன்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். எல்லாவற்றையும் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அன்றைய பேப்பரில், ஏதோ ஒரு வெளிநாட்டில் ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சுட்டதாக ஒரு செய்தி. நான்தான் அதை உரக்கப் படித்தேன். பேச்சை அதிலிருந்து தொடங்கி, வீட்டில் ஆயுதம் வைத்திருப்பதன் ஆபத்துக்குக் கொண்டுபோய், பின் சீட்டுக்காரர் காதில் விழும்படி செய்யலாம் என்பது என் திட்டம். நேராகச் சொன்னால் மனைவி வந்து போனது தெரிந்துவிடும் அல்லவா. இப்போது யோசித்தால், நேராகச் சொல்லியிருக்கலாம். காது கொடுத்துக் கேட்டிருப்பார்.

ஸ்டோர்ஸில் ஒரு இளைஞன் இருந்தான். நாகர்கோவில் பக்கம். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவன், நன்றாகப் படித்தவன். நான் செய்தியை முடிப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"துப்பாக்கிய வீட்டுல வைக்கவே விடப்பிடாது சார். போலீஸுக்கும் மிலிட்டரிக்கும் மட்டும் போதும்."

நான் ஆமாம் என்றிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "ஆனா சாரால அத ஒத்துக்க முடியாதே. சார் வெள்ளிக்கிழம படிக்கிற பொஸ்தகத்துல, ஆயுதத்தக் கீழ போட்டவன எடுத்து அடின்னுதான சாமியே சொல்லுது?" என்றான்.

சிலர் சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "சாமிக்கே சார்தான்பா லேப்ல டெஸ்ட் பண்ணி பாஸ் போடணும்" என்றார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

இதை எழுதும்போது என் காது சூடாகிறது. அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதி வெறும் கிண்டல். எனக்கு இரண்டும் தெரியவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து நின்றேன். ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, சூளகிரி வரைக்கும் பேசினேன். சமஸ்கிருதத்தில் இரண்டு வரி சொல்லி, தமிழில் பொருள் சொன்னேன். சொந்தக்காரன் என்று பார்த்துக் கை தளர்வது கருணை அல்ல, மயக்கம் என்றேன். தனக்கு உரியதைக் காக்க ஆயுதம் எடுப்பது பாவம் ஆகாது, எடுக்காமல் இருப்பதுதான் பாவம் என்றேன். ஒருவன் வீட்டில் ஆயுதம் இருக்கலாமா என்று கேட்பது, அவனுக்குத் தர்மம் இருக்கலாமா என்று கேட்பது போல என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் எந்த நூலிலும் இல்லை. அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது.

கைதட்டினார்கள். நாகர்கோவில் பையன், "சரி சார், நீங்க ஜெயிச்சீங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கேட்டில் கார்டு பஞ்ச் செய்ய வரிசையில் நின்றபோது பின் சீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"சார், ரெண்டு மனசா இருந்தேன். வூட்ல வேற வேணாம் வேணாம்னு ஒரே இது. நேத்து ரசீது கெடைச்சிது. அப்பவும் ரோசனதான். இப்ப நீங்க சொன்னது நேரா எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. இன்னிக்கி சாயந்தரம் போயி வாங்கிகினு வந்துர்றேன்."

எனக்கு முன்னால் நான்கைந்து பேர் நின்றார்கள். நேரம் இருந்தது. 'நான் பஸ்ஸில் பேசியது பந்தயத்துக்கு. வீட்டம்மா சொல்வதைக் கேள்' என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஆனால் பின்னால் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழுமே என்று தோன்றியது. "பாத்துக்கய்யா" என்றேன். என் கார்டை உள்ளே விட்டு எடுத்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மனைவியிடம் பஸ்ஸில் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டவள், "அந்தம்மா சொன்னதச் சொன்னீங்களா?" என்றாள். சமயம் வாய்க்கவில்லை என்றேன். அவள் ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாங்காய்ப் பருவத்தில் அது நடந்தது. தம்பி, வரப்பு மரங்களைப் பெயர்க்க மண் அள்ளும் இயந்திரம் கொண்டுவந்திருந்தார். நம்மவருக்கு அன்று வார விடுமுறை. காலை பத்து மணி. வாய்ச்சண்டை முற்றி, வீட்டுக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்தார். மிரட்டத்தான் எடுத்தேன், தரையைப் பார்த்துத்தான் சுட்டேன் என்று கடைசி வரைக்கும் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் ரவை தரைக்குப் போகவில்லை. தம்பியின் வலது முழங்காலுக்குப் போனது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. பின் சீட் காலியாக இருந்தது. நாகர்கோவில் பையன் ஏறும்போது என்னைப் பார்த்தான். நான் அன்று பேசியதைச் சொல்லிக்காட்டுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும், சண்டையாவது போட்டிருப்பேன். அவன் முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு அந்தப் பஸ்ஸில் வாதம் என்று எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு டிவி வைத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை படிப்பதையும் தொண்டை சரியில்லை என்று சொல்லி நிறுத்தினேன்.

பதினைந்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார். ஜாமீனுக்கு வக்கீலிடம் கொடுக்க எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க அவ்ளோ தூரம் எடுத்துச் சொல்லியும் கேக்கலியேண்ணா இந்த மனுசன்."

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். நான் பேனாவை மூடினேன். "விதிம்மா" என்றேன்.

அவர் ஒரு பை மல்கோவா கொண்டுவந்திருந்தார். அந்த நிலைமையிலும். அதன் பிறகு ஒவ்வொரு பருவத்திலும், டவுன் பஸ் கண்டக்டர் கையில் ஒரு பை கொடுத்தனுப்புவார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவேன். என் மனைவி அந்தப் பழத்தை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

தண்டனையாகி அவர் சேலம் சிறையில் இருந்தபோது ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தார். வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு தோப்புக்கு மருந்து அடித்தார்களா என்று கேட்டார். பிறகு, "பஸ்ல இப்ப யாரு சார் பேசறாங்க?" என்றார். யாரும் பேசுவதில்லை என்றேன். "நீங்க பேசணும் சார்" என்றார். அவர் குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே சொன்னார். மறுபடி போகவில்லை.

நான் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு என் மனைவி காலமானாள். மகன் வெளிநாட்டில். சிலருக்கு வீட்டில் ஆள் போனால் பேச்சுத் துணை போகும். எனக்குப் போனது வேறு. நான் செய்தது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இருவருக்குத் தெரிந்த ஒன்று, ஒருவனுக்கு மட்டும் தெரிந்ததாக ஆனபோது அதன் கனம் கூடிவிட்டது. மாலையில் விளக்கேற்றிவிட்டு அந்த நூலைப் பிரிப்பேன். அந்த இடம் வந்ததும் மூடிவிடுவேன். நூலின் மேல் எனக்குக் கோபமில்லை. அது யாரையும் பஸ்ஸில் நின்று கைதட்டு வாங்கச் சொல்லவில்லை.

அதே பத்தாண்டின் கடைசியில் இன்னொரு தேர்தல் வந்தது. துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி அறிவிப்பைப் பேப்பரில் பார்த்ததும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு காவேரிப்பட்டினம் பஸ் ஏறினேன்.

அவர் விடுதலையாகி ஒரு வருடமாகியிருந்தது. வீட்டில் இல்லை. அவர் மனைவி மட்டும் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. அவரு தம்பிய இட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. செயற்கைக் காலு உரசி புண்ணாயிடுச்சி."

"ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா?"

"இன்னா பண்றது, அண்ணன் தம்பி. இவரு வண்டி ஓட்டறாரு, அவரு பின்னால குந்திகினு திட்டிகினே வர்றாரு" என்று சிரித்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து கேட்டதிலிருந்து கார்டு பஞ்ச் செய்தது வரைக்கும், எதையும் விடாமல். நான் அவர் கணவரிடம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு வரும்படி சொன்னதே நான்தான் என்று சொன்னேன்.

அவர் கையில் இருந்த புளியம்பழத்தைத் தட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஒரு நாளும் சொன்னதில்லியே" என்றார். பிறகு, "இப்ப எதுக்குண்ணா இத எங்கிட்ட சொல்றீங்க?" என்றார்.

மனசு கேட்கவில்லை என்றேன்.

"உங்களுக்கு மனசுல பாரம் எறங்கிடுச்சி." குரலில் கோபம் இல்லை. "கோர்ட்டுல, ஊருல, எங்கப்பன் வூட்ல, எல்லாரும் நீ ஏன் தடுக்கலன்னு என்னிய கேட்டாங்க. ஜெயிலுக்குப் போயி வர்றப்பல்லாம் பஸ்ல நெனச்சிக்குவேன், நான் சொன்னது சரின்னு படிச்ச மனுசன் ஒருத்தரு இருந்தாரு, எனக்காக ஒரு வார்த்த பேசுனாருன்னு. அத வெச்சிகினுதான் இருந்தேன்."

புளியைத் தட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன்.

"மூணரைக்கு ஒரு பஸ்ஸு இருக்குது," என்றார், தலை நிமிராமல். "இப்ப நடந்தா புடிச்சிடலாம்."

நிறுத்தத்தில் நின்றபோது எதிரில் ஒரு மொபெட் வந்தது. முன்னால் அவர், பின்னால் ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு தம்பி. அவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக்கி, "சார், வூட்டுக்கு வாங்க, இவ்ளோ தூரம் வந்துட்டு" என்று கூப்பிட்டார். பஸ் வந்துவிட்டது என்று கையைக் காட்டினேன். உண்மையில் பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அந்த மாங்காய்ப் பருவத்தில் நான்கு நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தக் கண்டக்டரைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவராகவே, "உங்களுக்கு ஒண்ணும் குடுத்தனுப்பலீங்க சார்" என்றார்.