ஐந்தாவது வீட்டுத் தேத்தண்ணி

ஒரு வான் வண்டியில் ஐந்து பேரை ஏற்றினால் ஐந்து பேரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள் என்று நினைப்பவர்கள், எங்கள் குடும்பத்தோடு ஒருநாள் கற்பிட்டி வீதியில் போய்ப் பார்க்க வேண்டும். நான் போயிருக்கிறேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

உள்நாட்டுச் சண்டை முடிந்து மூன்றாவது வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. உம்மாவின் தம்பி, என் மாமா, கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தார். வந்த அன்றே எனக்கு வாக்குக் கொடுத்தார்: கண்டக்குழிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், வள்ளத்தில் ஏற்றி, நடுக்கடலில் டொல்பின் காட்டுவேன் என்று. வெள்ளைக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அதைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். என் வகுப்புக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு வந்து ஒரு பள்ளிக்கூடத் தவணை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் பார்க்காவிட்டால் அடுத்த தவணையும் அவளுடைய கதையைத்தான் கேட்க வேண்டும். எனக்கு அது மானப் பிரச்சினை.

போவதற்கு முதல்நாள் பின்னேரம் வான்கார நானா வந்து விவரம் சொன்னார்.

“சுபஹு தொழுத கையோட வெளிக்கிடணும். பத்து மணிக்குப் பொறகு காத்து எழும்பிரும். ஒருத்தனும் வள்ளம் எறக்க மாட்டான்.”

குசினி வாசலில் நின்ற உம்மா, “பத்து மணிக்கா?” என்று கேட்டார்.

“ஓம். பத்து, மிஞ்சினாப் பத்தரை.”

“நிச்சயமா?”

அடடா, உம்மாவுக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்று எனக்கு மனம் குளிர்ந்துபோனது. எத்தனை ஓங்கில் வரும் என்று வேறு அவரிடம் கேட்டார். ஓங்கில் இல்லை, டொல்பின் என்று நான் திருத்தினேன். ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லி என்னை வெட்கப்படுத்துகிறாரே என்று இருந்தது.

விடியச் சொன்ன நேரத்துக்கே வெளிக்கிட்டோம். அதோடு சரி. பாலாவியில் திரும்பியதும் மாமா வானை நிறுத்தச் சொன்னார். உப்பளத்தைப் படம் எடுக்க வேண்டுமாம். பிறந்த நாளிலிருந்து பார்த்த உப்பு. அதன் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். பிறகு காற்றாடி மரங்களோடு ஒரு படம். பிறகு வீதியில் நின்ற கழுதைகளோடு ஒரு படம். கழுதை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது திரும்பும்வரை காத்திருந்தோம்.

அதற்கு முந்தின வருஷம் மாமாவைக் கலியாணம் முடித்து வந்த மாமிக்குக் கடலும் வேண்டாம், கழுதையும் வேண்டாம். அவருக்கு வேண்டியது சின்ன வெங்காயம். தோட்டத்திலேயே வாங்கினால் மலிவு என்று இறங்கியவர், ஒவ்வொரு பிடியாக முகர்ந்து பார்த்து இரண்டு மூட்டை ஏற்றினார். என் காலை வைக்க இடமில்லாமல் போனது. வாப்பாவுக்குக் காணி. ஹோட்டல்காரர்கள் காணிக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று கம்பிவேலி கண்ட இடமெல்லாம் இறங்கி விசாரித்தார். வாங்குவதற்கு எங்களிடம் வக்கில்லை. வாங்காத காணியை அளந்து பார்க்கத்தான் எவ்வளவு நேரம்!

இவர்கள் எல்லாரையும்கூட மன்னிக்கலாம். உம்மாவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உம்மா மன்னார்க்காரர். சின்ன வயதில், சண்டைக் காலத்தில், இயக்கக்காரர்கள் அங்கிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்னபோது புத்தளத்துக்கு வந்தவர். எப்படி வந்தார் என்று நான் கேட்டதில்லை. பாலாவிச் சந்தியில் மன்னார் பஸ் நிற்பதைப் பார்த்திருந்ததால், பஸ்ஸில் வந்திருப்பார் என்று இருந்துவிட்டேன். அவரோடு வந்த சனம் எல்லாம் கற்பிட்டி வீதி நெடுகக் குடியிருந்தது. அந்த வீடுகளைக் கண்டதும் உம்மா, “நிப்பாட்டுங்க, ஒரு சலாம் சொல்லிட்டு வாறன்” என்றார்.

சலாம் சொல்வது ஒரு நிமிஷ வேலை என்று வேறு ஊரில் நினைக்கலாம். எங்கள் ஆட்களிடம் அது நடக்காது. வந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்புவது வீட்டுக்காரரின் முகத்தில் அடித்த மாதிரி. அந்தத் தேத்தண்ணியும் லேசில் வராது. அடுப்பு மூட்ட வேண்டும், சீனிக்குப் பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும், விசுக்கோத்துக்குக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும். வந்த பிறகு சூடாறக் குடிக்க வேண்டும். உம்மா வீட்டில் ஒரே மிடறில் குடிக்கிறவர். அன்றைக்கு ஊதி ஊதிக் குடித்தார்.

இரண்டாவது வீட்டில், எங்கே பயணம் என்று ஒரு வயதான பொம்பிளை கேட்டார்.

“கண்டக்குழிக்கு. கடலுக்குள்ள போறாங்க.”

“கடலுக்கா? நீயுமா?”

“புள்ளைக்கு ஆசை” என்றார் உம்மா.

அந்தப் பொம்பிளை உம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். தடவலுக்கு ஐந்து நிமிஷம் போய்விட்டதே என்று நான் மாமாவின் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

நாலு வீடு முடிந்தபோது மணி ஒன்பதரை. இனி நேரே கடல்தான், இப்போதும் போய்ச் சேரலாம் என்று மூச்சு விட்டேன். உம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தென்னை ஓலைகளைப் பார்த்தார். ஓலை அசையவில்லை. “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க, இது நம்மட ஆள்ட வீடு” என்றார்.

தும்புத்தடியோடு முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பொம்பிளை எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க ஆரு, விளங்கலியே?”

“மன்னார் ஆக்கள்தான். நீங்க ஆருட மகள்?” என்று உம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறிவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கு அரை மணி நேரம் கொடுத்தால் யாரோடும் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வீட்டில் முக்கால் மணி நேரம் தேடியும் ஒரு நூல்கூட அகப்படவில்லை. அந்தப் பொம்பிளையின் மச்சானும் உம்மாவின் பழைய அயலவரும் ஒரே கடையில் வேலைக்கு நின்றவர்கள் என்ற அளவில் இருவரும் சமாதானமானார்கள். அதற்கும் தேத்தண்ணி வந்தது. அல்லாவே, அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டால் என்ன என்று என் கை துடித்தது.

கண்டக்குழியில் இறங்கும்போது மணி பதினொன்று. காற்று எழும்பிவிட்டது. காலையில் போன வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஈரத் தலையோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். “பொறுமை கடலிலும் பெரிசு” என்று மாமி என் முதுகைத் தட்டினார். கடலை முன்னால் வைத்துக்கொண்டே அதைச் சொன்னார்.

ஆனால் ஒரு வள்ளக்காரர் மட்டும், “கொஞ்சம் ஆட்டும். புள்ள ஆசப்பட்டா ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றார். மாமா சரி என்று தலையை ஆட்டினார். நான் ஓடினேன். நாலடி வைக்கவில்லை, உம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இல்ல. காத்து எழும்பிட்டு.”

“போகலாமெண்டு அவரு சொல்றாரே!”

“இல்லம்மா.”

திமிறினேன். பிடி இறுகியது. கள்ளனைப் பிடித்த பொலிஸ்கூட அப்படிப் பிடித்திருக்காது. காலையிலிருந்து விழுங்கிய ஆத்திரம் எல்லாம் ஒன்றாக வந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்கக் கத்தினேன்.

“உங்களுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? தேத்தண்ணி குடிக்க மட்டும்தான் தெரியும்!”

மாமா என் கன்னத்தில் அறைந்தார். டொல்பின் காட்டக் கூட்டிவந்த அதே மாமா. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. வாப்பா ஏனென்று கேட்கவில்லை. உம்மாவும் கேட்கவில்லை, என் கையை விடவும் இல்லை. வான் பாலாவி தாண்டும்வரை விடவில்லை.

எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. அதனால் வருஷக்கணக்காக அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் குத்திக்கொண்டு வந்தேன். போன வருஷம் ஒரு பின்னேரம், கோப்பை கழுவிக்கொண்டிருந்த உம்மாவிடமும் ஆரம்பித்தேன். உம்மா சிரித்தார்.

“அண்டைக்குக் காத்து எழும்பப் பிந்திட்டு, மகள். நாலு வீடு போதுமெண்டுதான் நினைச்சன். அஞ்சாவது வீட்டுக்காரி ஆரெண்டே எனக்குத் தெரியாது.”

நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான், ஏன் என்று கேட்டேன்.

உம்மா பஸ்ஸில் வரவில்லை. பன்னிரண்டு வயதில் வள்ளத்தில் வந்தார். அவருடைய உம்மாவின் மடியில் மூன்று வயது மாமா. இடையில் இன்னொரு தம்பி, ஏழு வயது, உம்மாவின் பொறுப்பில். கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு காற்று எழும்பியிருக்கிறது. வள்ளம் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தபோது அந்தத் தம்பி இல்லை.

வாப்பாவுக்கு இது தெரியும். மாமாவுக்குத் தெரியும், பழைய கதை, அக்கா மறந்திருப்பாள் என்று நினைத்தாராம். அப்போது வந்து ஒரு வருஷமே ஆன மாமிக்கும் தெரியும். அந்த வானில் தெரியாத ஒரே ஆள் நான். ஒருத்தர், ஒரே ஒருத்தர், என் காதில் சொல்லியிருக்கக் கூடாதா? இதைத்தான் உம்மாவிடம் கேட்டேன், கொஞ்சம் உரக்கவே. உம்மா கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

“அவன்ட விரலத்தான் புடிச்சிருந்தன்” என்றார். “மணிக்கட்டப் புடிச்சிருக்கணும்.”

அன்றைக்குக் கண்டக்குழியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் என் மணிக்கட்டில் அந்த ஐந்து விரலும் சிவப்பாகக் கிடந்தது. உம்மா எனக்குச் செய்த அநியாயத்துக்குச் சாட்சியாக, அது மறையும்வரை அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.