அத்தானுக்கு ஒரு யூதர் கிடைத்தார்

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிநாடு வந்த எங்கள் ஆட்களுக்கு யூதர் மீது ஒரு தனிப் பக்தி. ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாள் விழாவிலும், கேக் வெட்டி முடிந்து ஆண்கள் கராஜுக்குள் ஒதுங்கியதும் யாராவது ஒருவர் தொடங்குவார். இரண்டாயிரம் வருடம் நாடில்லாமல் அலைந்த யூதரைப் பாருங்கள், இன்று சொந்த நாடு, சொந்தப் படை. நாங்களும் அப்படி வரலாம், ஒற்றுமைதான் இல்லை என்பார். சொல்கிறவர் தன் கூடப்பிறந்த தம்பியோடு கதைத்துப் பல வருடமாகியிருக்கும்.

இந்தப் பக்தர்களின் தலைமைப் பூசாரி என் அக்காவின் கணவர். ஸ்காபரோவின் ரூஜ் பக்கம் வீடு, வீட்டைச் சுற்றிக் கமெரா. தேசியப் பாதுகாப்பை அங்கிருந்தே பழகி வருகிறார். மிசிசாகாவில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்மணி யூதர் என்று அக்கா அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று. நாடு எடுப்பது எப்படி என்று அந்தப் பெண்மணி வந்து பேச வேண்டுமாம். அவர் இங்கேயே பிறந்தவர், கணக்குப் பிரிவில் இருப்பவர், நாடு கட்டிய அனுபவம் இல்லாதவர் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது அவையின்ர ரத்தத்தில இருக்கு" என்றார் அத்தான்.

கேட்டபோது அந்த அம்மா மறுக்கவில்லை. அவருடைய தங்கை இஸ்ரேலின் வடக்கு எல்லையோரம் குடும்பமாக இருக்கிறார். அதைப் பற்றிச் சத்தம் போடாமல் கேட்கிற நாலு பேர் கிடைத்தால் வருகிறேன் என்றார். எங்கள் ஆட்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று மனச்சாட்சியே இல்லாமல் உறுதி கொடுத்தேன்.

கூட்டத்துக்கு "அயலவருடன் நிரந்தர சமாதானம்" என்று அத்தான் தலைப்பு வைத்திருந்தார். அதைக் கண்டு தானும் வருகிறேன் என்றார் என் பக்கத்து வீட்டு நானா. யாழ்ப்பாணத்து முஸ்லிம்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நாட்டுக்காகப் போராடிய இயக்கப் பெடியள் ஊரிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பம் அவருடையது. கூட்டத்துக்குப் போகும்போது காரில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கு ஒரு கேள்விதான் தம்பி. நாடு வந்தா, எங்கட தெருவில நாங்கள் திரும்ப இருக்கலாமோ எண்டு."

அத்தானை எனக்குத் தெரியும்.

நூலக மண்டபம் நிறைந்திருந்தது. அத்தான் அந்த அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் அதைக் குளிருக்கு என்று நினைத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டார். அவர் பேச, நான் தமிழில் சொன்னேன். தன் மக்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார்; ஓடிப்போக இடமில்லாமல் தாத்தாவின் குடும்பமே அழிந்துபோனதாம். படையும் வேண்டும் என்றார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் தங்கை இன்னும் பிள்ளைகளைத் குண்டுக்குப் பயந்து தடித்த சுவர் வைத்த அறைக்குள்தான் படுக்க வைக்கிறாள், எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தாய்க்கு அப்படி ஓர் அறையும் இல்லை, அயலோடு ஒரு முடிவுக்கு வராமல் இரண்டு பேருக்கும் நித்திரை இல்லை என்றார். சபை மெல்லச் சாய்ந்தது. வெற்றியின் இரகசியம் கேட்க வந்தவர்களிடம் நித்திரையில்லாத கதை சொன்னால் யார் கைதட்டுவது?

ஒருவர் யூதரின் ஒற்றுமையைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அயலோடு முடிவுக்கு வரும் இந்த விசயத்தில் தகராறு பட்டு, தானும் அண்ணனும் ஒரு மேசையில் சாப்பிடுவதில்லை என்றார். அந்த ஒரு நிமிடம் அவர் எங்களுக்குச் சொந்தக்காரி போலவே இருந்தார்.

அப்போது நானா எழுந்து தன் கேள்வியைக் கேட்டார். கூட்டத்துக்கு ஆள் எண்ணும்போது முஸ்லிம்களையும் "தமிழ் பேசும் மக்கள்" என்று அணைத்துக்கொள்ளும் சபை, இப்போது வெளியாளுக்கு முன்னால் மானம் போய்விட்டதென்று முறைத்தது.

அத்தான் மைக்கைக் கையில் எடுத்தார். "அது எங்கட உள்வீட்டுப் பிரச்சினை நானா. முதல்ல நாடு வரட்டும். உதைப் பிறகு கதைப்பம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து நாலு கேட்டிருப்பேன், அக்கா கண்ணாலேயே என்னை இருத்திவிட்டாள்.

நானா என்ன கேட்டார் என்று அந்த அம்மா என்னிடம் விசாரித்தார். கேள்வியையும் பதிலையும் சொன்னேன். தங்கள் ஆட்களிடமும் இப்படியொரு கேள்வி வந்தால் இதே பதில்தான் என்றார். பிறகு எழுந்து நானாவிடமே போனார். இந்தப் பதிலைக் கேட்கவா இவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

நானா என்னைப் பார்த்தார்.

"இவவுக்குச் சொல்லுங்கோ தம்பி. பதில் எனக்கு ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கே தெரியும். உங்கட அத்தான் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு அதைச் சொல்லுவாரோ எண்டு பாக்கத்தான் வந்தனான். சொல்லிப்போட்டார்."