பன்னீரில் வாசம் இல்லை

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆன்டி, என்னைக் காட்டிப் பக்கத்து நாற்காலியில் கேட்டது எனக்கே கேட்டது.

"யாரு லா அந்தப் பையன்? பன்னீர் செம்ப கையில வெச்சிக்கிட்டு ஒரே ஆளுக்கே தெளிச்சிக்கிட்டு இருக்கான்? நமக்கெல்லாம் கிடையாதா?"

கிடையாது, ஆன்டி. மன்னிக்கணும். அன்றைக்கு அந்தச் செம்பு ஒருவனுக்கு மட்டும்தான்.

அந்த ஒருவன் தினேஷ். பள்ளியில் என் பக்கத்து மேசை. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் ஊர்வனப் பைத்தியம் தெரியும் — பல்லி, பாம்பு, ஆமை என்று எதையாவது எழுதி உங்கள் காலைச் சாப்பாட்டைக் கெடுப்பவன் நான். அந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவன் தினேஷ்தான். அவன் வீட்டுக் கூண்டில் ஒரு பச்சை இகுவானா, பெரிய ஓணான் ஜாதி, இருந்தது. காலையில் வெயிலில் போய்ப் படுக்கும். சூடு ஏறியதும் நிழலுக்கு நகரும். மறுபடி வெயில். மறுபடி நிழல். அதையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்போம். வேறு வேலை?

பிறகு ஒரு மழை நாளில், காப்பார் சாலையில் தினேஷின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. கழுத்து எலும்பு முறிந்தது. இப்போது சக்கர நாற்காலி. கைகளைத் தூக்குவான், விரல்கள் மடங்காது. இதெல்லாம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு.

அவனுக்கு வியர்க்காது.

நாம் வெப்ப இரத்தப் பிராணிகள் என்று பள்ளியில் படித்தோம், இல்லையா? வெளியே கொளுத்தினாலும் உறைந்தாலும் உள்ளே ஒரே சூடு. எப்படி? மூளைக்குள் ஒரு சின்னப் பகுதி ஓயாமல் காவல் காக்கிறது. சூடு ஏறினால் 'வியர்த்துக் கொட்டு' என்று உத்தரவு. குளிர்ந்தால் 'நடுங்கு' என்று உத்தரவு. அந்த உத்தரவுகள் முதுகுத் தண்டு வழியாகத்தான் இறங்க வேண்டும். தினேஷுக்குக் கழுத்தோடு பாதை துண்டிக்கப்பட்டுவிட்டது. மூளை கத்துகிறது... உடம்புக்குக் கேட்பதில்லை. அறை எவ்வளவு சூடோ அதை நோக்கி அவனும் போவான். அறை குளிர்ந்தால் அவனும் குளிர்வான்.

இதை மருத்துவர் விளக்கியபோது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியா மச்சான்? என்னை ஓணானா ஆக்கிட்டாங்க லா."

அவன் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "சூட்டு உடம்புப்பா, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டே இருந்தார். புரிந்தவள் தங்கை ஷாமினி. புறங்கையை அண்ணன் கன்னத்தில் வைத்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். போர்வையை இழுப்பாள், விலக்குவாள். ஏர்கோன் குளிரைக் கூட்டுவாள், குறைப்பாள். ஈரத் துண்டால் துடைப்பாள்.

"ஓணானுக்காச்சும் வெயிலுக்கும் நிழலுக்கும் நடக்கக் கால் இருக்கு," என்று தினேஷ் ஒரு நாள் சொன்னான். "எனக்கு ஷாமினி இருக்கா."

அவளுக்குத்தான் கல்யாணம்.

மாப்பிள்ளைக்கு ஜோகூரில் வேலை. ஷாமினி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: கல்யாணம் ஆகட்டும், நான் இங்கேயே இருப்பேன், அவர் சனி ஞாயிறு வந்து போகட்டும். அதற்குத்தான் அண்ணன் தங்கைக்குள் பெரிய சண்டை. கடைசியில் தினேஷ் ஒரு பந்தயம் கட்டினான்.

"மேடை ஏறி அக்னி பக்கத்துல உக்காந்து, நானே உனக்குப் பொரி போடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ ஜோகூர் போற. ஏதாச்சும் ஆச்சுன்னா இங்கேயே இரு. சரியா?"

"அண்ணே, விளையாடாத."

"பயமா இருந்தா சொல்லு லா."

பொரியிடுவது மணப்பெண்ணின் சகோதரன் செய்ய வேண்டிய சடங்கு. தங்கையின் கைகளில் அவன் பொரி போட, அவள் அதை ஓமத் தீயில் சேர்க்க வேண்டும். தீ எதிரே. தலைக்கு மேல் வீடியோ விளக்குகள். உடம்பில் பட்டு ஜிப்பா. மண்டபத்து ஏர்கோன் காற்றோ விருந்தாளிகளை நடுங்க வைத்துவிட்டு, மேடைக்கு மட்டும் வராமல் திரும்பிக்கொண்டிருந்தது.

நாங்கள் நான்கு பேர் நாற்காலியோடு அவனைத் தூக்கி மேடையில் வைத்தோம். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தினேஷின் முகம் சிவந்தது. நான் குனிந்தேன்.

"என்னடா?"

"தலை வலிக்குது. கண்ணு லேசா மங்குது."

"இறக்கிடலாம்."

"வாயைத் திறந்தே... கொன்னுடுவேன். அவ பார்க்கிறா."

தலை குனிந்திருந்த மணப்பெண், மாலைக்கு மேலாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கத்தியிருக்க வேண்டும் என்பீர்கள். சரிதான். ஆனால் கத்தினால் அவன் இத்தனை நாள் கேட்ட ஒரே ஒரு விஷயம் போய்விடும். கத்தாவிட்டால் அவனே போய்விடலாம். நான் வாசலுக்கு ஓடினேன். வரவேற்பு மேசையில் பன்னீர் செம்பு இருந்தது. பன்னீரைக் கொட்டிவிட்டு, குளிர்பானப் பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரை நிரப்பினேன்.

வியர்வை என்பது என்ன? தோலில் தண்ணீர், அது காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதானே! உள்ளேயிருந்து வராவிட்டால் வெளியேயிருந்து வரட்டும். தலையில் தெளித்தேன், கழுத்தில் தெளித்தேன், ஏதோ சாங்கியம் போல முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு கைகளில் தெளித்தேன். இன்னொரு கையில் கல்யாணப் பத்திரிகை — விசிறி.

"அபிஷேகமா லா பண்ற?" என்று முனகினான் தினேஷ்.

"மூடிக்கிட்டு உக்காரு, சாமி."

இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் சின்ன முறத்தைப் பிடித்து, தங்கையின் கையில் அவனே பொரியைச் சரித்தான். ஐயர் சொன்ன ஒவ்வொரு முறையும். ஒரு பொரிகூடக் கீழே சிந்தவில்லை. தீ படபடவென்று வெடித்தது.

சடங்கு முடிந்த கையோடு காருக்குக் கொண்டு போனோம். ஏர்கோனை முழுதாகத் திறந்து, ஜிப்பாவைக் கழற்றி, ஈரத் துண்டுகளைப் போட்டோம். காய்ச்சல்காரனைப் போல உடம்பு கொதித்தது. மெல்ல மெல்ல இறங்கியது. என் உயிரும் அப்போதுதான் திரும்பி வந்தது.

மாலையில் ஷாமினி கிளம்பினாள். அண்ணன் முன்னால் மண்டியிட்டு, வழக்கம்போலப் புறங்கையைக் கன்னத்தில் வைத்தாள்.

"மேடையில ரொம்ப பானாஸா அண்ணே?"

"அக்னி பக்கத்துல உக்காந்தா சூடாத்தான் இருக்கும். ஒண்ணும் ஆகலையே? பந்தயம் பந்தயம்தான். கிளம்பு."

மறுபடி மாட்டிவிட்டிருந்த ஜிப்பாவின் கழுத்துப் பட்டியைத் தொட்டாள். இன்னும் ஈரம். விரலை மூக்கருகே கொண்டு போனாள். என்னைப் பார்த்தாள்.

பன்னீர் என்றால் வாசம் இருக்க வேண்டுமே.

அவள் எழுந்து போய்க் காரில் ஏறினாள். கார் வளைந்து மறையும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் தினேஷைப் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்திருந்தான். ஜெயித்தவன் முகம் போலவே இல்லை. அம்மா ஒரு டம்ளர் இளநீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

"ஏமாத்திட்டேன் மச்சான் அவளை," என்றான். "அண்ணன் நல்லா இருக்கான்னு நம்பிப் போயிட்டா, பாவம்."

சொல்லலாமா, வேண்டாமா? சொல்லிவிட்டேன்.

"நம்பல டா. உன் சட்டையை மோந்து பார்த்தா. அது ஐஸ் தண்ணின்னு அவளுக்குத் தெரியும்."

இளநீர் டம்ளரையே பார்த்தான்.

"தெரிஞ்சுமா போனா?"

"நீ அவ்வளவு ஆசைப்பட்ட இல்ல... அதான் போனா."

வெளியே மேகம் விலகி, ஜன்னலில் வெயில் அடித்தது. அறை மெல்லச் சூடாவது எனக்கே தெரிந்தது. ரிமோட்டை எடுக்கலாம் என்று எழுந்தேன்.

அதற்குள், 'பீப்'.

ஏர்கோன் தானாகவே வேகம் பிடித்தது. ரிமோட் மேசையில்தான் கிடந்தது, யாரும் தொடவில்லை. கிளம்புவதற்கு முன் ஷாமினி புது ஏர்கோன் மாட்டியிருக்கிறாள். கட்டில் தலைமாட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பமானி. இரண்டும் அவள் போனோடு இணைந்தவை.

தினேஷ் கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்தது. அவன் கையைத் தூக்குவதற்குள் நான் துடைத்தேன்.

"வந்துட்டா," என்றான்.

மனிதனின் சூட்டைக் காவல் காக்கும் பகுதி மூளைக்குள் இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்... ஒருவனுக்கு மட்டும் அது ஜோகூரில் இருக்கிறது.