குழாயைத் திறக்கத் தெரிந்த குரங்கு

சித்தையன்கோட்டையைத் தாண்டி, மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு கொய்யாத் தோப்பு இருக்கிறது. தோப்பின் மேற்கே ஓர் ஓடை. அதற்கு அப்பால் வெள்ளையடித்த கற்கள் நட்டிருக்கும். அங்கிருந்து சரணாலயம். அந்தப் பக்கம் போய் ஒரு சுள்ளி ஒடிக்கக்கூட எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பயம். ஆனால் அங்கிருந்து பன்றிகள் வந்து கடலைக் காட்டைக் கிளறிவிட்டுப் போகும். "வனத்துறைக்காரங்கதான் வண்டியில கொண்டாந்து விடுறாங்கெ" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்.

குரங்குகளும் எங்களுக்குப் புதிதல்ல. பழம் பழுக்கிற நாட்களில் மலையிலிருந்து இறங்கும். தகரத்தைத் தட்டினால் ஓடிவிடும்.

சென்ற கோடையில் ஒரு காலை, மோட்டார் ரூம் பக்கம் ஒரு பெரிய குரங்கு உட்கார்ந்திருந்தது. தகரத்தைத் தட்டினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவகாசமாக எழுந்து போய்க் குழாயைத் திருகித் தண்ணீர் குடித்தது. பிறகு என் ஸ்கூட்டியில் தொங்கிய பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாயம்மா, இது நம்ம மலைக் குரங்கு இல்ல," என்றாள். "காட்டுல பெறந்ததுக்கு ஜிப்பு தெரியுமா? இது பஸ் ஸ்டாண்டுல வளந்தது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காட்டுக் காவலுக்கு இருக்கும் தம்பி பக்கத்து ஊர்க்காரன். சுற்றிவிட்டுத் திரும்பும்போது எங்கள் தோப்பில் டீ குடித்துவிட்டுத்தான் போவான். அன்று அவனிடம், குரங்குகள் ஏன் இப்படி இறங்குகின்றன என்று கேட்டேன்.

"காட்டுல தண்ணி வத்திருச்சுக்கா. அதான் எறங்குதுக," என்றான்.

"ஓடையில இன்னும் தண்ணி கெடக்கே, தம்பி."

"யாரும் கொண்டாந்து விடலக்கா," என்றான். விட்டார்களா என்று நான் கேட்கவே இல்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அதன்பிறகு மண்பாதையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வேலி ஓரத்துக்குப் போய்ப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த என் வீட்டுக்காரரோடு தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் தார்ப்பாய் மூடிய ஒரு மினி வண்டி குலுங்கிக்கொண்டு போனது. தார்ப்பாய்க்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். அவர் பைக்கை முடுக்கி, வண்டியை முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தினார்.

"என்ன ஏத்திட்டுப் போறீங்க?"

"சாமான், பாய்," என்றான் டிரைவர்.

தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு சின்னக் கை வெளியே வந்து காற்றைத் துழாவியது. நான் தார்ப்பாயை விலக்கினேன். கம்பிக் கூண்டு. உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகக் குரங்குகள். முன்சீட்டிலிருந்து காவல்காரத் தம்பி இறங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு அக்காவும் தோட்டங்களில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

"ஏதோ டவுன்ல தொந்தரவுன்னு புடிச்சதுக்கா," என்றான் தம்பி. "கான்ட்ராக்ட்காரங்க வழி காட்டச் சொன்னாங்க. சரணாலயத்துக்குள்ள, நல்லா உள்ளதான் விடுறோம்."

"வண்டி எம்புட்டுத் தூரம் உள்ள போகும்?" என்று கேட்டாள் அக்கா.

பாதை எங்கள் ஓடையோடு முடிகிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வண்டியைத் திருப்பச் சொல்லி எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். கூண்டு ஓரத்தில் குட்டியை அணைத்துக்கொண்டிருந்த ஒரு குரங்கு வாயைத் திறந்தபடி என் கையிலிருந்த பாட்டிலையே பார்த்தது. கம்பி வழியாகத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தது.

"இப்படி ஊத்துனா ஏன் வராது?" என்று அக்கா என்னைக் கடிந்துகொண்டாள். நான் பாட்டில் காலியாகும்வரை ஊற்றினேன். வண்டி வந்த வழியே திரும்பிப் போனது. அந்தக் குட்டியை அடுத்து எங்கே கொண்டுபோய் விட்டார்களோ.

சில நாட்கள் கழித்து வனத்துறை அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். அந்த வண்டி தங்கள் உத்தரவில் வந்ததில்லை என்றார். பிறகு, அடிவாரத்தில் சிறுத்தையின் கால்தடம் தெரிகிறது, ஆடு மாடுகளைக் கொட்டகைக்குள் கட்டுங்கள் என்றார்.

"அதை யாரு கொண்டாந்து விட்டது?" என்றாள் அக்கா. அவள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி இருந்தது.

"யாரும் விடலைங்கம்மா. இந்த மலையில எப்பவும் இருக்கறதுதான்."

"சத்தியமா விடலக்கா," என்று காவல்காரத் தம்பியும் சொன்னான்.

"கொரங்கையும் விடலன்னுதான சொன்ன, அப்பு?" என்றாள் அக்கா.

கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. அதிகாரி கொண்டுவந்த நோட்டீஸ்கள் மேசையிலேயே கிடந்தன.

மலையில் சிறுத்தை எப்போதும் உண்டு என்பது எனக்குத் தெரியும். என் மாமனாரே பார்த்திருக்கிறார். அந்த விஷயத்தில் அதிகாரி பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா, சிறுத்தையை எந்தப் பாதையில், எந்த மாதிரி வண்டியில் கொண்டுவந்திருப்பார்கள் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால், நீயும் அவர்கள் ஆளா என்று கேட்டுவிடுவாளோ என்றிருந்தது.