கை கட்டி நின்ற பெரட்டு

என் அண்ணனை லாரியில் ஏற்றியது ஜப்பான்காரன். ஏற வைத்தது நீங்கள், கிராணியாரே.

மலாயாவில் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு, ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் எங்கள் பெயரைக் கூப்பிட்டவர் தோட்டத்துக் கணக்கெழுதிய நீங்கள்தான். ஜப்பான் அதிகாரி முதல் தடவை வந்தபோது, துரைக்கு நிற்கிற மாதிரியே நின்றோம். துண்டை இடுப்பில் கட்டி, கையை மார்பில் கட்டி, கழுத்தை மட்டும் வளைத்து. எங்களுக்கு அதுதான் மரியாதை. அவனுக்கு அது திமிர். முன்வரிசையில் நின்ற அண்ணனுக்கு இரண்டு அறை விழுந்தது. நீங்களோ கையைத் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பிலிருந்து வளைந்தீர்கள். டவுனில் உங்களுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மறுவாரம் தான் வரும்போதும் திமிர் காட்டுகிறவன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போவான் என்று அதிகாரி சொன்னதை மொழிபெயர்த்தீர்கள். எது திமிர் என்று சொல்லவில்லை. நீங்கள் வளைந்ததைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன்.

“கையக் கட்டாதண்ணே. தொங்கவிடு.”

“தொங்கவிட்டா துரை அடிச்சான். கட்டினா இவன் அடிக்கிறான். கையக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வரவா, பிள்ளை?”

பால் வெட்டும்போது பழகினோம். ஒவ்வொரு மரத்தடியிலும் கத்தியை வைத்துவிட்டு நிற்போம். அப்போதுதான் என் உடம்பையே நான் கவனித்தேன். யாரோ வரும் சத்தம் கேட்டாலே தோள் காதுவரை ஏறியது, மூச்சு நின்றது, கை தானாக மார்புக்குப் போனது. கையை மட்டும் இழுத்துப் பிடித்துப் பயனில்லை. முதலில் மூச்சை விடவேண்டும். தோள் இறங்கும். அதற்குப் பிறகுதான் கை இறங்கும். நாலாம் நாள் எனக்கு வந்துவிட்டது. பல வருஷக் கழுத்து வலிகூடக் குறைந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அண்ணனுக்கும் வந்தது, என் முன்னால் மட்டும். சைக்கிள் மணி கேட்டால் கை மேலே போய்விடும்.

“என் கை என் பேச்சக் கேக்கல. கங்காணி பேச்சத்தான் கேக்குது” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. இருபது வருஷப் பழக்கத்தை ஆறு நாளில் எப்படி அவிழ்ப்பது?

அதிகாரி மறுபடி வந்த காலை, பூட்ஸ் சத்தம் நெருங்க நெருங்க, அண்ணனின் தோள் ஏறுவதைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். “மூச்சு விடு” என்று முணுமுணுத்தேன். அவனுக்குக் கேட்டதோ என்னவோ. கை கட்டிக்கொண்டது. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். நீங்கள் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். சயாமுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை.

சண்டை முடிந்துவிட்டது. இப்போது நீங்கள் கோயில் கமிட்டியில் பெரிய மனிதர். ஆடித் திருவிழாக் கூட்டத்துக்கு நான் வருவேன். அண்ணனோடு பெரட்டில் நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்களும் வருவார்கள். எல்லார் முன்னாலும் எழுந்து பதில் சொல்லுங்கள். இது எங்கள் ஆட்களின் மரியாதை என்று அந்த அதிகாரியிடம் ஒரு வரி ஏன் சொல்லவில்லை?